இரவல் குரல் வேண்டாம்: கொழும்புப் பிள்ளைகளுக்கு வானொலி பழக்கிய அனுபவம்

பாடசாலை ஊடகக் கழகத்தில் சேர வரும் பிள்ளைகளிடம் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால், பெரும்பாலும் ஒரே குரல்தான் கேட்கும். வெள்ளவத்தைப் பிள்ளையா, கொட்டாஞ்சேனைப் பிள்ளையா, மருதானைப் பிள்ளையா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ‘வணக்கம் நேயர்களே’ என்பதன் முடிவில் ஓர் இழுப்பு, நடுவே காரணமில்லாத ஒரு சிரிப்பு, ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லும் மேலே ஏறி நிற்கும். எஃப்.எம். நிகழ்ச்சிகளைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாசித்து முடித்த கையோடு அதே பிள்ளை பக்கத்தில் இருப்பவளிடம் “என்ட தண்ணிப் போத்தல் எங்கடி?” என்று கேட்கும்போது ஒரு குரல் வரும். எனக்கு வேண்டியது அந்தக் குரல்.

வானொலியில் அறிவிப்பாளராகவும் தயாரிப்பாளராகவும் வேலை செய்துவிட்டு, சில வருடங்களாகக் கொழும்பில் ஒரு பாடசாலையில் தரம் 9 முதல் 12 வரையான தமிழ் மொழிமூல மாணவர்களுக்கு ஒலிபரப்பு பழக்குகிறேன். பாடசாலை என்றதும் சொந்த எஃப்.எம். நிலையம் என்று நினைக்க வேண்டாம். அலைவரிசை வேண்டுமென்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவரை போக வேண்டும். அது ஒரு பாடசாலைக் கழகத்துக்கு ஆகிற காரியமில்லை. எங்களிடம் இருப்பது இடைவேளையில் ஒலிபெருக்கியில் போகும் ஒரு சிறிய நிகழ்ச்சி, அப்புறம் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பும் ஒலிப்பதிவுகள். பழகுவதற்கு இது தாராளமாகப் போதும். தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்குக் கைகொடுக்கும் என்று நினைத்து, எங்களுக்குச் சரிவந்தவற்றை எழுதுகிறேன்.

முதல் வேலை, அந்த இரவல் குரலைக் கழற்றி வைப்பது. “இயல்பாகப் பேசு” என்று சொல்லிப் பயனில்லை. அப்படிச் சொன்னால் பிள்ளை இயல்பாக இருப்பது போல் நடிக்கத் தொடங்கும். நாங்கள் செய்வது இதுதான்: இருவர் இருவராக உட்கார வைப்போம். ஒருவர் மற்றவருக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். பின்னால் இருப்பவர் காலையில் வீட்டிலிருந்து பாடசாலைக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். பிரதி கிடையாது, வணக்கமும் கிடையாது. பஸ் எங்கே நின்றது, யார் மிதித்தார்கள், மழைக்கு எங்கே ஒதுங்கினார்கள், இவ்வளவுதான். முகத்தைப் பார்த்துக்கொண்டு கதைத்தால் கையும் கண்ணும் பாதி வேலையைச் செய்துவிடும். முதுகுக்குச் சொல்லும்போது குரல் மட்டுமே மிஞ்சும். இதைப் பதிவுசெய்து அவர்களுக்கே போட்டுக் காட்டுவோம். பிறகு அதே கதையை ஒரு பக்கத்தில் எழுதி வாசிக்கச் சொல்வோம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள். நான் விளக்கவே தேவையில்லை.

இந்தப் பயிற்சியில் இன்னொன்றும் நடக்கிறது. கொழும்பில் ஒரு வகுப்பறைக்குள் எத்தனை தமிழ் இருக்கிறது என்று பிள்ளைகள் அப்போதுதான் கவனிக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை ‘ஓம்’ என்பாள். ஹட்டன் பக்கத்துக் குடும்பத்துப் பையன் ‘ஆமாங்க’ என்பான். மருதானையிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளையின் பேச்சில் வேறொரு மெட்டு. மட்டக்களப்புப் பிள்ளை இருந்தால் அது இன்னொரு தினுசு. இவர்களில் சிலர், குறிப்பாக மலையகப் பிள்ளைகள், வீட்டுப் பேச்சை வகுப்பில் மறைத்துப் பழகியவர்கள். அவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது: செய்தி வாசிக்கும்போது எழுத்துத் தமிழ், விவரண நிகழ்ச்சியிலும் செவ்வியிலும் உங்கள் வீட்டுத் தமிழ். இரண்டுக்கும் மரியாதை ஒன்றுதான். ஒரு பிள்ளை தன் பேச்சுக்கு வெட்கப்படும் வரைக்கும் அதன் கையில் எந்த ஒலிவாங்கியைக் கொடுத்தும் பிரயோசனமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பெற்றோர் சிலர் பழைய இலங்கை வானொலியைக் கொண்டுவந்து இதற்கு மறுப்புச் சொல்வார்கள். “அந்தக் காலத்து அறிவிப்பாளர் மாதிரிக் கதைக்கப் பழக்குங்க மிஸ்” என்பார்கள். அந்த ஆசை எனக்கு விளங்குகிறது. அதனால்தான் தவணை தொடங்கும்போது ஒரு வகுப்பு முழுக்க வரலாறு சொல்கிறேன். 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி வெலிக்கடையிலிருந்து ஒலிக்கத் தொடங்கியது, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காக இங்கே இயங்கிய நிலையம் பிறகு அரசிடம் வந்தது, 1949இல் இலங்கை வானொலி, 1967இல் கூட்டுத்தாபனம், 1972இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற இன்றைய பெயர். 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாடல்களை ஓரங்கட்டியபோது, தமிழ்நாட்டு வீடுகள் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பின. இதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். தாங்கள் பஸ்ஸில் கடந்து போகும் சுதந்திர சதுக்கத்துக் கட்டடத்திலிருந்து போன குரலைக் கடலுக்கு அப்பால் காத்திருந்து கேட்டார்கள் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி.

அப்புறம் அந்தக் குரல்களைப் பற்றிக் கதைப்போம். எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத். ஒருவரைப் போல் இன்னொருவர் இல்லை. கே.எஸ். ராஜாவின் வேகமும் துள்ளலும் அவருக்கே உரியவை. அப்துல் ஹமீதின் நிதானமும் சுத்தமான உச்சரிப்பும் வேறு வகை. ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலில் நாடக மேடை இருந்தது. அவர்களை இத்தனை காலத்துக்குப் பிறகும் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றால், ஒவ்வொருவரும் தங்கள் குரலோடு வந்தார்கள் என்பதுதான் காரணம். பெற்றோர் கூட்டத்திலும் இதையே சொல்கிறேன். அநேகம் பேர் ஒத்துக்கொள்கிறார்கள்.

சொந்தக் குரல் என்றால் உச்சரிப்பு எப்படியும் போகலாம் என்று அர்த்தமில்லை. செய்தி வாசிப்பில் நான் கண்டிப்பு. வலி, வழி, வளி மூன்றும் மூன்றாகவே கேட்க வேண்டும். காலநிலை அறிக்கை வாசிக்கும் பிள்ளை வளிமண்டலவியல் திணைக்களத்தை ‘வழிமண்டல’மாக்கினால் அந்த இடத்திலேயே நிறுத்துவேன். வெறுமனே எழுத்துகளைச் சொல்லிப் பழக்குவதைவிட, இப்படி உண்மையில் வாசிக்க வேண்டிய சொற்களை வைத்துப் பழக்கினால் சீக்கிரம் பிடிபடுகிறது.

கொழும்பில் செய்தி வாசிப்பவருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. சிங்கள ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும். தமிழ் எழுத்தில் கம்பஹாவுக்கும் க, கடுவெலவுக்கும் க. ஆனால் முதலாவது கங்கையில் வரும் க, இரண்டாவது கடலில் வரும் க. பத்தரமுல்லையின் ப பஸ்ஸில் வருவது. பிலியந்தலையின் ப பல்லில் வருவது. கொழும்பிலேயே பிறந்த பிள்ளைக்குப் பழகிய ஊர்கள் தெரியும். அநுராதபுர மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரின் பெயர் வந்தால் தடுமாறும். எங்கள் பாடசாலையில் சிங்கள மொழிமூல வகுப்புகளும் இருப்பதால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: பிரதி கைக்கு வந்ததும் பெயர்களை எல்லாம் கோடிட்டு, பக்கத்து வகுப்பு நண்பரிடம் போய்ச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அழுத்தமாக ஒலிக்க வேண்டிய எழுத்தின் மேல் ஒரு புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பெயர்களுக்கு எங்களிடம் வருகிறார்கள். ஒருவருடைய பெயரையோ ஊரையோ பிழையாகச் சொல்வதை அந்த ஊரார் மறக்க மாட்டார்கள். செய்தி வாசிக்க வருகிற பிள்ளைக்கு இதை முதல் கிழமையிலேயே சொல்லிவிட வேண்டும்.

எழுதுவதற்கு வருவோம். தரம் 10இல் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடமாக எடுத்த பிள்ளைகள் கோட்பாடுகளை நன்றாகச் சொல்வார்கள். தண்ணீர் வெட்டு அறிவித்தலை வானொலிக்கு எழுதச் சொன்னால் பத்திரிகையை அப்படியே எழுதி வருவார்கள். இப்படி ஒரு செய்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘அத்தியாவசியத் திருத்த வேலைகள் காரணமாக கொழும்பு 13, 14, 15 ஆகிய பகுதிகளுக்கான நீர் விநியோகம் நாளை காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை தடைப்படும் என தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை அறிவித்துள்ளது.’ பத்திரிகையில் இதில் பிழை ஒன்றுமில்லை. வாசிப்பவர் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம். வானொலியில் சமையலறையில் நிற்பவருக்கு ‘தடைப்படும்’ என்ற இடத்தில்தான் தனக்கு வேண்டிய செய்தி என்று உறைக்கும். அதற்குள் இடமும் நேரமும் போய்விட்டன.

எங்கள் பிள்ளைகள் எழுதிய மாதிரி இது: ‘கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மட்டக்குளி மக்கள் கவனிக்கவும். நாளை பகல் உங்களுக்குத் தண்ணீர் வராது. காலை 8 மணிக்கு நிறுத்துகிறார்கள். மாலை 4 மணிக்குத் திரும்ப வரும். குழாய்த் திருத்த வேலை நடப்பதாக நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை சொல்கிறது. மீண்டும், கொழும்பு 13, 14, 15. நாளை காலை 8 முதல் மாலை 4 வரை.’ யாருக்கு என்பது முதலில். ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம். எண்களை இரண்டு தடவை. சபையின் பெயர் கடைசிக்குக் கிட்ட. இதே தண்ணீர் வெட்டு உதாரணத்தை ஒவ்வொரு புதுக் குழுவுக்கும் கொடுக்கிறேன். ஒவ்வொரு குழுவும் கொஞ்சம் வேறாக எழுதுகிறது, சில வேளை இதைவிட நன்றாகவும்.

பிரதியைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு எழுத வேண்டும். வாக்கியம் ஒரு தாளில் தொடங்கி அடுத்த தாளில் முடியக் கூடாது. தாள்களைப் பின் அடிக்கக் கூடாது. வாசித்து முடிந்ததைச் சத்தமில்லாமல் பக்கத்தில் நகர்த்தி வைக்க வேண்டும். சின்ன விஷயங்கள்தான். ஆனால் தாள் சரசரப்பைத் தொகுப்பில் அகற்றுவது பெரிய வேலை.

கருவி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கையில் இருக்கும் கைபேசியே போதும் என்பேன். காசு செலவழிப்பதானால் முதலில் காதை மூடும் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்குங்கள், ஒலிவாங்கி பிறகு. பதிவுசெய்யும்போதே கேட்டுக்கொண்டிருந்தால்தான் பிழை அங்கேயே தெரியும். கைபேசியை விமானப் பயன்முறையில் போட வேண்டும். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் ஒரு சாண் இடைவெளி, நேருக்கு நேராக இல்லாமல் சற்றுச் சரித்து. ‘ப’ வெடிக்கிறதா என்று பார்க்கப் ‘பம்பலப்பிட்டி’ என்று சொல்லச் சொல்வேன். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொன்னால் எந்த இடத்தில் காற்று அடிக்கிறது என்று பிள்ளைக்கே தெரியும். ஒலி மட்டம் அதிகபட்சம் மறை 6 (-6) டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெடித்த ஒலியைப் பிறகு சரிப்படுத்த முடியாது, மெல்லிய ஒலியைக் கூட்டலாம். தொகுக்க ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருள். அதில் வெட்டவும் ஒட்டவும் ஒரு பிள்ளைக்குக் காட்டிக் கொடுத்தால், அது மற்றவர்களுக்குக் காட்டிக் கொடுத்துவிடும்.

கொழும்பில் அமைதியான அறை கிடைப்பது பெரிய பாடு. மேலே மின்விசிறி, வெளியே காகங்கள், காலி வீதி ஹோர்ன், கடற்கரைப் பாதையில் ரயில், போதாததற்கு பேத்தோவனின் ‘எலிசுக்காக’ மெட்டைப் போட்டுக்கொண்டு பாண் விற்க வரும் சூன் பாண் முச்சக்கரவண்டி. பாடசாலை 1.30க்கு விட்டு, பிள்ளைகளின் கூச்சல் அடங்கிய பிறகு நூலகத்துக்குப் போகிறோம். புத்தக அலுமாரிகள் எதிரொலியை நன்றாக உள்ளிழுத்துக்கொள்ளும். விசிறியை நிறுத்தி 10 நிமிடம் பதிவு, பிறகு விசிறியைப் போட்டு வியர்வை ஆற ஓய்வு. ஒவ்வொரு இடத்திலும் யாரும் கதைக்காமல் 30 விநாடி வெறும் அறைச் சத்தத்தைப் பதிய வேண்டும். தொகுக்கும்போது வெட்டிய இடங்களை மூடுவதற்கு அது வேண்டும். வெளியிடத்துச் செவ்வியில் பாங்கு ஒலித்தாலோ கோவில் மணி கேட்டாலோ நிறுத்திவிட்டு, முடியும் வரைக்கும் மரியாதையாகக் காத்திருப்போம். தெருச் சத்தத்தைத் தனியாகவும் பதிந்து வைப்போம். ஜிந்துப்பிட்டியைப் பற்றிய நிகழ்ச்சியில் ஜிந்துப்பிட்டி கேட்க வேண்டும்.

செவ்வி எடுப்பதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கிறேன். வானொலியின் உயிர் அதில்தான் இருக்கிறது, அங்கேதான் பிள்ளைகளும் மாறுகிறார்கள். வெல்லம்பிட்டியிலிருந்து வரும் ஒரு மாணவி, 2016 மே மாதம் களனி கங்கை பெருகி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பற்றித் தன் உம்மும்மாவிடம் (பாட்டியிடம்) கேட்டுப் பதிய விரும்பினாள். முதலில் எழுதி வந்த கேள்விகளில் ‘அந்த அனுபவம் உங்களுக்கு எப்படி இருந்தது?’ என்பது முதலாவது. அந்தக் கேள்விக்கு ‘கஷ்டமாத்தான் இருந்திச்சி’ என்பதைவிட வேறு பதில் யாரால் சொல்ல முடியும்? அதை எடுத்துவிட்டு, தண்ணீர் எந்த நேரம் வந்தது, முதலில் எதைத் தூக்கினீர்கள், இரவு எங்கே படுத்தீர்கள் என்று கேட்கச் சொன்னேன். கண்ணால் கண்டதையும் கையால் செய்ததையும் கேட்டால், மனதில் இருந்தது தன்பாட்டில் வரும்.

அந்தப் பதிவிலிருந்து ஒரு துண்டு:

“தண்ணி இந்தா, இவ்வளவுக்கு வந்திச்சி.”

“இவ்வளவுக்கு எண்டா, உம்மும்மா? சுவரில எது வரைக்கும்?”

“அந்த சுவிட்ச் இருக்கே, அது வரைக்கும். தையல் மெசின மேசைக்கு மேல தூக்கி வச்சோம். பொறகு பாத்தா மேசையே மெதக்குது.”

இரண்டாவது கேள்வியைப் பாருங்கள். உம்மும்மா கையைக் காட்டியிருக்கிறார். கேட்பவருக்குக் கை தெரியாது. மாணவி அதைச் சொல்லாக மாற்றிக் கேட்டாள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பிள்ளைக்கு வானொலி விளங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இதற்குப் பிறகு உம்மும்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மாணவியும் பேசாமல் இருந்தாள். அப்புறம் அவராகவே, கலியாண ஃபோட்டோக்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதையும், பிரிக்கப் போய் முகங்கள் உரிந்ததையும் சொன்னார். கேள்விப் பட்டியலில் இல்லாத பதில். தொகுக்கும்போது மாணவி அந்த மௌனத்தை முழுதாக வெட்டப் பார்த்தாள். 3 விநாடியாவது இருக்கட்டும் என்றேன். கேட்பவருக்கும் மூச்சு விட இடம் வேண்டும். பிள்ளைகள் மௌனத்துக்குப் பயப்படுவார்கள். ஒருவர் சொல்லி முடித்ததும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுத்தான் அடுத்த கேள்வி என்று ஒரு விதி வைத்திருக்கிறோம்.

செவ்விக்கு வெளியே போகும்போது இருவராகவே போக வேண்டும். வீட்டுக்கும் பாடசாலைக்கும் தெரிந்திருக்க வேண்டும். இருட்டுவதற்கு முன் திரும்ப வேண்டும். பெற்றோரின் கையொப்பமிட்ட அனுமதிக் கடிதம் இல்லாத பிள்ளையின் குரல் வெளியே போகாது. முழுப் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம் ஒன்றும் ஒலிப்பதிவில் வரக் கூடாது. பேச வருபவரிடம் எதற்காகப் பதிகிறோம், யார் கேட்பார்கள் என்று விளக்கி, சம்மதத்தையும் பதிவின் தொடக்கத்திலேயே அவர் வாயால் சொல்ல வைப்போம். சினிமாப் பாடல் போடலாமா என்று எப்போதும் கேட்பார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, மிருதங்கம் படிக்கும் பிள்ளையையும் வயலின் பிள்ளையையும் நூலகத்துக்குக் கூட்டிப் போவோம். சொந்த முகப்பிசை வந்துவிடும், அவர்களுக்கும் பங்கு கிடைக்கும்.

எல்லாரும் ஒலிவாங்கிக்கு முன்னால் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. கழகத்தில் எப்போதும் கதைக்கப் பிரியமில்லாத சிலர் இருப்பார்கள். அப்படி ஒரு பையன் கையில் நிறுத்தற் கடிகாரத்தைக் கொடுத்தோம். ஒவ்வொருவருடைய வாசிப்பு வேகத்தையும் அளந்து ஒரு கொப்பியில் எழுதினான். எங்கள் பிள்ளைகள் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொற்கள் வருகின்றன என்று அவன் கணக்கு சொன்னது. அதற்குப் பிறகு 5 நிமிட நிகழ்ச்சிக்கு எவ்வளவு எழுதுவது என்ற சச்சரவே இல்லை. “இன்னும் 20 செக்கன் இருக்கு, அக்கா” என்று கையால் காட்டி மூத்த மாணவிகளையே நடத்துவான். நிகழ்ச்சித் தயாரிப்பாளர் என்பவர் அப்படித்தான் உருவாகிறார். குரல் வளத்தை மட்டும் பார்த்து ஆள் எடுத்தால் இப்படிப்பட்ட பிள்ளைகள் வாசலோடு போய்விடுவார்கள்.

கருத்துச் சொல்லும் முறையையும் மாற்ற வேண்டியிருந்தது. ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினால் எல்லாரும் ‘நல்லா இருக்கு’ என்பார்கள், அல்லது ஒரே ஒரு பிழை உச்சரிப்பைப் பிடித்துக்கொள்வார்கள். இப்போது கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறோம். எந்த இடத்தில் கவனம் வேறு எங்கோ போனதோ, அந்த நொடியில் கையை உயர்த்த வேண்டும். காரணம் சொல்ல வேண்டாம். நேரக்காரப் பையன் கைகள் உயர்ந்த நிமிடத்தையும் விநாடியையும் குறித்துக்கொள்வான். ஒரே இடத்தில் நாலைந்து கைகள் உயர்ந்தால் அங்கே ஏதோ நீளுகிறது. செய்தவரின் மனம் நோகாது, எங்கே வெட்ட வேண்டும் என்பதும் தெளிவாகத் தெரியும். என்னுடைய அபிப்பிராயத்தைவிட அந்தக் கைகளைப் பிள்ளைகள் அதிகம் நம்புகிறார்கள், அது நல்லது.

சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது வரவு குறையும். பின்னேரம் முழுக்க ரியூஷன். பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. அந்த வருடப் பிள்ளைகளுக்கு நாங்கள் நீண்ட வேலை கொடுப்பதில்லை. பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்கள்தான் உண்மையில் பொற்காலம். அப்போது கீழ் வகுப்பினருக்குப் பழக்கும் பொறுப்பை அவர்களிடம் விடுகிறேன். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டால் போதும்.

ஏன் இதெல்லாம், எல்லாரும் காணொளிதானே பார்க்கிறார்கள் என்று ஓர் ஆசிரியர் கேட்டார். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரைக்கும் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். அந்த இரவுகளில் பற்றரி வானொலி இருந்த வீடுகளில் அயலவர் வந்து நின்று கேட்டார்கள். எரிபொருள், எரிவாயு, நாளைய மின்வெட்டு அட்டவணை, இதெல்லாம் சாதாரண மக்களுக்குச் சாதாரணத் தமிழில் தெளிவாக வந்து சேர வேண்டும். வெள்ளம் வந்தாலும் அப்படித்தான். அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் இந்த நகரத்துத் தமிழருக்குள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது என் ஆசை. இந்தப் பிள்ளைகள் எல்லாரும் வானொலிக்குப் போவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தாதியாகவோ கிராம அலுவலராகவோ போய், ஒரு விஷயத்தை எதிரில் இருப்பவருக்கு விளங்கும்படி சொன்னாலும் எனக்கு நிறைவுதான்.

பதிவுகளை வைத்திருப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோப்புக்குத் திகதி, இடம், விஷயம் மூன்றையும் பெயராக வைக்க வேண்டும். ‘புதியது 2’, ‘கடைசி’ என்று வைத்தால் அடுத்த வருடம் எதையும் கண்டுபிடிக்க முடியாது. தொகுக்காத மூலப் பதிவை வேவ் வடிவில் பாடசாலைக் கணினியில் ஒன்றும், வெளியே ஒரு வன்தட்டில் இன்னொன்றுமாக வைக்கிறோம். பேசியவருக்கு முடிந்த நிகழ்ச்சியை வெளியே விடுவதற்கு முன் கேட்கக் கொடுப்போம். ஏதாவது ஒரு பகுதி வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுவோம், மூலத்திலிருந்தும். கொட்டாஞ்சேனைச் சந்தையில் மீன் விற்கும் ஒருவர், தான் கடனைப் பற்றிச் சொன்ன நாலு வரியை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டுத் திரும்ப அனுப்பினோம். கேட்டுவிட்டு, கட்டாரில் இருக்கும் மகனுக்கும் அனுப்பிவிடுங்கள் பிள்ளை என்று இலக்கத்தைத் தந்தார்.